வாடகையை மட்டும் பார்த்து ஊர் மாறாதீர்கள்

பெங்களூரில் மாரத்தஹள்ளிப் பக்கமோ சென்னையில் பெருங்குடிப் பக்கமோ வாடகை வீட்டில் இருக்கும் ஐ.டி. ஊழியரிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும், "பேசாம கோயம்புத்தூருக்கே போயிடலாமான்னு பார்க்கிறேன்" என்ற பேச்சு வந்துவிடும். கோவைக்குப் பதில் திருச்சி, மதுரை, ஓசூர் என்று ஊரின் பெயர் மாறலாம். காரணம் ஒன்றுதான். சம்பளம் வந்து பத்தாம் தேதிக்குள் வாடகை, பராமரிப்புக் கட்டணம், பள்ளி, வண்டிக் கடன் எல்லாம் போய், கணக்கில் மிஞ்சுவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

தாராளமாகப் போகலாம். போனவர்களில் பலர் நன்றாகவே இருக்கிறார்கள். ஊரைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் கோளாறு. வீடு தேடும் தளத்தைத் திறந்து, இங்கே 38,000 கொடுக்கும் வீடு அங்கே 20,000-க்குக் கிடைக்கிறதே என்று பார்த்த மாத்திரத்தில் மனம் மூட்டை கட்டத் தொடங்கிவிடுகிறது. வாடகை நீங்கள் மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது. இப்போதைய வேலை உங்களோடு அந்த ஊருக்கு வருமா? அந்த வேலை போனால் அதே ஊரில் இன்னொரு வேலை கிடைக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு வாடகைக்கு வரலாம்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். கணவன், மனைவி, ஒரு குழந்தை. கையில் வரும் சம்பளம் 1,40,000 ரூபாய். பெங்களூரில் வாடகையும் பராமரிப்பும் 38,000, பள்ளிக் கட்டணத்தின் மாதப் பங்கு 12,000, மளிகை, காய்கறி, பால் எல்லாம் 16,000, வீட்டு வேலைக்கு வருபவருக்கு 5,000, பெட்ரோலும் கேப் செலவும் 9,000, வெளிச் சாப்பாடு, சினிமா 8,000, சொந்த ஊருக்குப் போய்வர 5,000. ஆக 93,000. இதே குடும்பத்தைக் கோவையில் வைத்துப் பார்த்தால் வரிசையாக 20,000, 10,000, 14,500, 3,500, 6,000, 6,000, 1,500. ஆக 61,500. மாதம் 31,500 மிச்சம்.

துள்ளிக் குதிப்பதற்கு முன் இன்னும் இரண்டு வரி எழுத வேண்டும். அலுவலகம் பெங்களூரிலேயே இருந்தால் மாதம் ஒருமுறையாவது அழைப்பார்கள். ரயில், தங்கும் அறை, சாப்பாடு என்று 4,000 வையுங்கள். அடுத்தது யாரும் எழுதாத வரி: மொய். பெங்களூரில் இருக்கும்வரை "லீவு கிடைக்கல" என்று ஒரு வார்த்தையில் தப்பித்த கல்யாணம், காதுகுத்து, சீர், புதுமனை புகுவிழா எல்லாம் இனி ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் நடக்கும். போகாமல் இருக்க முடியாது, வெறுங்கையோடும் போக முடியாது. மாதம் 3,000 என்று வையுங்கள். முகூர்த்த மாதங்களில் அது போதாது. இப்போது கோவைச் செலவு 68,500. உண்மையான மிச்சம் 24,500.

இதுவும் நல்ல தொகைதான், சம்பளம் அப்படியே இருந்தால். ஊர் மாறுவதற்காக 15 விழுக்காடு குறைந்த சம்பளத்துக்கு உள்ளூர் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தால், மாதம் 21,000 அங்கேயே போய்விடும். மிச்சம் 3,500. சாமான்களை ஏற்றி இறக்க, பள்ளிச் சேர்க்கைக்கு, வண்டி வரிக்கு, புது வீட்டுக்குத் திரைச்சீலை முதல் தண்ணீர் வடிகட்டி வரைக்கும் ஒன்றரை லட்சம் ஆகிறது என்று கொள்ளுங்கள். முதல் கணக்குப்படி ஏறக்குறைய ஆறு மாதத்தில் அதை எடுத்துவிடலாம். இரண்டாவது கணக்குப்படி மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஊர் அதே ஊர், வாடகை அதே வாடகை. மாறியது சம்பளம் மட்டும்.

எந்த ஊருக்குப் போனாலும் குறையாத செலவுகளையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன், வண்டிக் கடன், செல்போன், இணையம், ஆன்லைனில் வாங்கும் பொருள்கள், தங்கம் இதெல்லாம் எங்கும் ஒரே விலை. பெயர் பெற்ற சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் கட்டணம் கோவையிலும் மலிவில்லை. மருத்துவக் காப்பீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. சில நிறுவனங்கள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்துப் பிரீமியம் வாங்குகின்றன. சிறு நகரப் பிரீமியம் கட்டிவிட்டுப் பெருநகர மருத்துவமனையில் சேர்ந்தால், பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டிய பாலிசிகளும் இருக்கின்றன. முகவரி மாற்றும்போது இதைக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் மொத்தச் செலவில் வாடகையின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்றால் ஊர் மாறுவதில் பொருள் உண்டு. ஐந்தில் ஒரு பங்குதான், மற்றதெல்லாம் கடன் தவணை என்றால் உங்கள் சிக்கல் ஊர் அல்ல, கடன். அதை எந்த ஊருக்கும் கூடவே கொண்டுபோவீர்கள்.

வேலை உங்களோடு வருமா?

கொரோனா காலத்தில் மடிக்கணினியோடு சொந்த ஊருக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அப்பா கட்டிய வீட்டு மாடியில் ஏ.சி. மாட்டி, வேகமான இணைய இணைப்பு வாங்கி, இனி இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தார்கள். பிறகு பெரிய ஐ.டி. நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அலுவலகத்துக்குக் கூப்பிடத் தொடங்கின. முதலில் வாரம் இரண்டு நாள், பிறகு மூன்று, சில இடங்களில் ஐந்து. வீட்டிலிருந்து வேலை என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லாதவர்கள் மறுபடி பெங்களூரில் பி.ஜி. தேடினார்கள்.

ஆகவே மேலாளர் வாய்வார்த்தையாகச் சொல்லும் "நோ ப்ராப்ளம், மேனேஜ் பண்ணிக்கலாம்" என்பதை நம்பி ஊர் மாறாதீர்கள். அந்த மேலாளர் அடுத்த ஆண்டு அங்கே இருப்பாரா என்பதே தெரியாது. கேட்க வேண்டியது ஹெச்.ஆரிடம், மின்னஞ்சலில். உங்கள் பேஸ் லொகேஷன் அலுவலகப் பதிவேட்டில் மாற்றப்படுமா? மாற்றினால் சம்பளம் குறையுமா, அடுத்த ஹைக் எந்த ஊர் அளவுகோலில் போடப்படும்? அலுவலகம் அழைத்தால் பயணச் செலவு யாருடையது? பதில் மின்னஞ்சலில் வரவில்லை என்றால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்துக்கு அந்த ஊரிலேயே கிளை இருந்தால் கொஞ்சம் நிம்மதி. ஆனால் பிராஜெக்ட் யாருக்கு என்பதை எங்கே முடிவு செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். கிளையில் ஐந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், முடிவெடுக்கும் டெலிவரி தலைமை முழுவதும் சென்னையில் இருக்கும். அப்படிப்பட்ட கிளையில் பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சுக்குப் போனால் கண்ணில் படுவதே கடினம். நான்கைந்து ஆண்டு அனுபவக்காரருக்கு இது பெரிய சிக்கலாகத் தெரியாது. பதவி உயர்வை எதிர்பார்க்கும் பன்னிரண்டு ஆண்டுக்காரருக்குத் தெரியும்.

இரண்டாவது வேலைக்கான சோதனை எளிது. வேலைவாய்ப்புத் தளத்தில் உங்கள் பதவிப் பெயரையும் அனுபவத்தையும் போட்டு, ஊரை மட்டும் மாற்றித் தேடுங்கள். ஒரு மாதம் வாராவாரம் செய்யுங்கள். இடங்களின் எண்ணிக்கையை விடுங்கள். எத்தனை வெவ்வேறு நிறுவனங்கள் என்று எண்ணுங்கள். பத்துக்கு மேல் வந்தால் துணிந்து போகலாம். இரண்டே இரண்டு வந்தால், ஊரை நம்பிப் போகவில்லை, அந்த இரண்டு நிறுவனங்களை நம்பிப் போகிறீர்கள். கணவன், மனைவி இருவரும் வேலை பார்ப்பவர்கள் என்றால் இருவர் பெயரிலும் தனித்தனியே தேடுங்கள். பெரும்பாலான வீடுகளில் கணவருக்கு வேலை உறுதியானதும் லாரி சொல்லிவிடுகிறார்கள். மனைவியின் வேலை "அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போகிறது. மாதம் 60,000 கொண்டுவரும் ஒருவர் ஓராண்டு வீட்டில் இருந்தால் போவது 7,20,000 ரூபாய். மேலே பார்த்த 24,500 மிச்சம் இரண்டு ஆண்டு சேர்ந்தாலும் இதை ஈடுகட்டாது.

கையிருப்பும் கூடுதலாக வேண்டும். பெருநகரத்தில் மூன்று, நான்கு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் வேலை தேடிவிடலாம் என்பார்கள். நிறுவனங்கள் குறைந்த ஊரில் எட்டு, ஒன்பது மாதச் செலவாவது வைப்பில் இருக்கட்டும்.

எந்த ஊர்?

ஊர்களை ஒப்பிட அரசே ஓர் அளவு வைத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப் படிக்காக நகரங்களை எக்ஸ், ஒய், இசட் என்று பிரித்திருக்கிறார்கள். சென்னையும் பெங்களூரும் எக்ஸ். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஒய். மற்றவை இசட். 2024 ஜனவரி முதல் எக்ஸுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு, ஒய்க்கு 20, இசட்டுக்கு 10. மத்திய அரசு, பொதுத்துறை ஆட்கள் இடமாறுதல் கேட்கும் முன் இந்தப் படிக்குறைவைக் கணக்கில் கழித்துவிட வேண்டும்.

தனியார் துறையில் இருப்பவர்களுக்கு முதல் தேர்வு கோவைதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம் காலநிலையோ சிறுவாணித் தண்ணீரோ அல்ல; அவை கூடுதல் வரவு. அங்கே வேலை ஒரே துறையில் குவிந்திருக்கவில்லை. பீளமேட்டில் டைடல் பார்க், விளாங்குறிச்சியில் எல்காட் வளாகம், கீரணத்தத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம், சரவணம்பட்டியைச் சுற்றி ஐ.டி. நிறுவனங்கள், காக்னிசன்ட், பாஷ் போன்ற பெரிய பெயர்களும் உண்டு. அதே ஊரில் பம்பு, மோட்டார், கம்ப்ரசர், ஜவுளி இயந்திரம், வார்ப்படம் என்று பழைய தொழில்கள் நிற்கின்றன. பொறியியல் கல்லூரிகளும் பெரிய மருத்துவமனைகளும் ஏராளம். கணவர் மென்பொருள், மனைவி கல்லூரி ஆசிரியை. அல்லது மனைவி மென்பொருள், கணவர் கொள்முதல் மேலாளர். இப்படி இரண்டு பேருக்கும் வேலை கிடைக்கும் ஊர், சென்னை தவிர்த்துத் தமிழ்நாட்டில் இது ஒன்றுதான் என்பேன்.

கோவையிலிருந்து சென்னைக்கு 2023 ஏப்ரலிலும், பெங்களூருக்கு அதே ஆண்டு டிசம்பர் இறுதியிலும் வந்தே பாரத் ரயில் வந்துவிட்டது. மாதம் ஒருமுறை தலையைக் காட்டிவிட்டு வர வசதி. ஆனால் கோவையும் மலிவான ஊர் என்ற பெயரை வேகமாக இழந்துவருகிறது. ரேஸ் கோர்ஸ், ஆர்.எஸ்.புரம் வாடகையைக் கேட்டால் சென்னையே தேவலாம் என்று தோன்றும். சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கமும் ஏறிக்கொண்டிருக்கிறது. வேலை சரவணம்பட்டியில், வீடு வடவள்ளியில் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. சத்தி ரோட்டு நெரிசல் பெங்களூரை நினைவூட்டும். அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் ஜி.டி.நாயுடு பெயரில் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்த பிறகு விமான நிலையப் பக்கம் போய்வருவது எளிதாகியிருக்கிறது.

வாரம் மூன்று நாள் பெங்களூர் அலுவலகத்துக்குப் போயே தீர வேண்டும் என்பவர்கள் கோவையை மறந்துவிட்டு ஓசூரைப் பார்க்க வேண்டும். பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். காற்றில் அதே குளிர்ச்சி, வாடகை குறைவு, பிள்ளைக்குத் தமிழ்நாட்டுப் பள்ளி. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால் ஓசூரிலிருந்து போவதும், பெங்களூரின் வடக்கு மூலையிலிருந்து போவதும் நேரக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓசூர் ஒருவேளை சீக்கிரமாகவே இருக்கும். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் ஓடத் தொடங்கியது ஓசூர்க்காரர்களுக்குப் பெரிய உதவி. பொம்மசந்திரா வரை பஸ்ஸிலோ பைக்கிலோ போய், பிறகு மெட்ரோ ஏறிக்கொள்ளலாம். காரில் போனால் அத்திப்பள்ளிச் சுங்கமும் மேம்பாலச் சுங்கமும் மாதக் கணக்கில் உறைக்கும். ஒயிட்ஃபீல்டில் அலுவலகம் என்றால் ஓசூர் வேண்டவே வேண்டாம், உடம்பு தாங்காது.

ஓசூருக்கு இன்னொரு பலம் உண்டு. ஐ.டி. அல்லாத பொறியாளர்களுக்கு அதுவே ஒரு வேலைச் சந்தை. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் பல பத்தாண்டுகளாக அங்கே இருக்கின்றன. பிறகு டாடா எலெக்ட்ரானிக்ஸும் மின்வாகன நிறுவனங்களும் வந்தன. உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, சப்ளை செயின் ஆட்களுக்கு ஒரு வேலை போனால் அடுத்தது பக்கத்துத் தெருவில்தான்.

திருச்சி வாழ்வதற்கு அருமையான ஊர்; வேலை தேடுவதற்கு அத்தனை அருமையான ஊர் இல்லை. காவிரித் தண்ணீர், மாநிலத்தின் நடுவில் இருக்கும் வசதி, வளைகுடா, சிங்கப்பூர், மலேசியாவுக்கு நேரடி விமானம், 2024 ஜனவரியில் திறந்த புதிய முனையம், ஐந்து மணி நேரத்தில் சென்னை. டெல்டாவில் வயதான பெற்றோர் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. நவல்பட்டில் எல்காட் வளாகம் இருந்தாலும் அனுபவசாலிகளுக்கான ஐ.டி. இடங்கள் குறைவு. துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கத்துப் பட்டறைகள் பெல் நிறுவனத்தின் ஆர்டர்களோடு ஏறி இறங்குபவை. முழு நேரமும் வீட்டிலிருந்து வேலை என்று எழுத்தில் வாங்கியவர்கள் திருச்சிக்குப் போகலாம். மற்றவர்கள் யோசிக்கவும்.

மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சி வளாகங்கள் இருக்கின்றன, ஹெச்.சி.எல்., ஹனிவெல் இருக்கின்றன. எண்ணிக்கையில் கோவைக்குப் பக்கத்தில் வராது. ஆனால் மருத்துவத் துறையினருக்கும், 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு வழக்கறிஞர்களுக்கும் மதுரை முதல் தர ஊர். 2024 ஆகஸ்ட் முதல் பெங்களூருக்கு வந்தே பாரத்தும் ஓடுகிறது. மதுரையையும் திருச்சியையும் மார்கழியில் போய்ப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மே மாதம் ஒரு வாரம் தங்கி, பகல் இரண்டு மணிக்கு மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சேலம், தஞ்சாவூர், விழுப்புரம் மூன்றிலும் 2024-இல் மினி டைடல் பூங்காக்கள் திறந்தாயிற்று. நல்ல தொடக்கம், இன்னும் ஐந்தாண்டு கழித்துப் பார்க்கலாம். தென்காசி, அங்கே மத்தளம்பாறையில் இருக்கும் ஜோஹோ நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும். சென்னையை விட்டு மனம் வராதவர்களுக்குச் செங்கல்பட்டு, அரக்கோணம் வரை மின்சார ரயில் போகிறது. சீசன் டிக்கெட் விலையைப் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும்.

வீடு பார்க்கும்போது

பெங்களூரிலும் சென்னையிலும் பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்டுப் பழகிய நமக்கு, ஊர் மாறும்போது கிடைக்கும் முதல் லாபமே அந்தப் பழைய அட்வான்ஸ்தான். ஆனால் அது கைக்கு வரும் நாளை நம்பிப் புது வீட்டுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை, அது இது என்று கழித்து, சாவி கொடுத்து இரண்டு வாரம் கழித்துத் தரும் உரிமையாளர்களே அதிகம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின் பொது அளவு மூன்று மாத வாடகை; ஒப்பந்தத்தில் இருவரும் வேறாக எழுதிக்கொண்டால் அது செல்லும். கேட்கும் தொகைக்குத் தலையாட்டும் முன் இதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

மதுரை, நெல்லைப் பக்கம் "ஒத்திக்கு இருக்கு, வாடகை கிடையாது" என்பார்கள். சில ஊர்களில் போக்கியம். ஐந்து, ஆறு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது முழுத்தொகையையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. பழைய வீட்டு அட்வான்ஸும் சேமிப்பும் கையில் இருக்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல் தொடாதீர்கள். வங்கியில் அடமானம் இருக்கும் வீட்டை ஒத்திக்கு விட்டு, பிறகு வங்கி நோட்டீஸ் ஒட்டும்போது குடியிருப்பவர் தெருவுக்கு வந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. பத்திரப் பதிவு இல்லாத ஒத்தி வேண்டாம்.

சிறு நகரத்தில் வீட்டு உரிமையாளரின் கேள்விகளுக்கும் மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். "எந்த ஊரு?" என்று தொடங்கி, அப்பா பெயர், தெருப் பெயர், அசைவமா என்று சுற்றி வந்து எங்கே முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெருநகரத்திலும் இது இல்லாமலில்லை. ஆனால் அங்கே இருநூறு வீட்டு அடுக்ககத்தில் யாராவது ஒருவர் கேட்காமல் கொடுத்துவிடுவார். புது ஊரில் இப்படிப்பட்ட வீட்டைப் போராடி வாங்கிக் குடியேறுவதைவிட, புதிய குடியிருப்புகளிலும் அடுக்ககங்களிலும் தேடுவது நிம்மதி. தனியாக இருக்கும் பெண்கள், திருமணமாகாத இளைஞர்கள், கலப்புத் திருமணம் செய்தவர்கள் இதை முதல் வடிகட்டியாகவே வைத்துக்கொள்ளலாம்.

வீட்டை மழைக்காலத்தில் ஒருமுறை பாருங்கள். கோவை லங்கா கார்னர்ப் பாலத்தடியில் மழைக்குத் தண்ணீர் நிற்பது ஊருக்கே தெரியும். உங்கள் தெருவில் நிற்குமா என்பதைப் பக்கத்து மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர்வெல் தண்ணீர் உப்பா என்பதையும் அவரே சொல்வார். வீட்டுத் தரகர் சொல்ல மாட்டார்.

முதல் ஆண்டில் சொந்த வீடோ மனையோ வாங்காதீர்கள். பெங்களூர் விலையில் பழகிய கண்ணுக்கு எல்லாமே மலிவாகத் தெரியும், புரோக்கர்களுக்கும் அது தெரியும். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 5,40,000 பதிவுக்கே போகும். ஊர் பிடிக்கவில்லை என்று இரண்டே ஆண்டில் விற்றால் அந்தப் பணம் திரும்பாது.

பள்ளியும் தமிழும்

பெங்களூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கன்னடமும் இந்தியும் எழுத வரும், தமிழ் பேச மட்டும் வரும். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். இரண்டாம், மூன்றாம் வகுப்பில் வந்த குழந்தை ஓராண்டில் எழுதப் பழகிவிடும். எட்டாம் வகுப்பில் வந்து இலக்கணமும் செய்யுளும் படிப்பது தண்டனை. ஊர் மாறும் எண்ணம் இருக்கிறது என்றால் இன்றே வீட்டில் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுங்கள், அல்லது பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் மாறுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்த பிள்ளைக்கு அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான பொறியியல் கலந்தாய்வில் நேட்டிவிட்டி சான்றிதழ் தேவையில்லை. வெளி மாநிலத்தில் படித்தால் பெற்றோர் தமிழ்நாட்டுக்காரர்கள் என்று சான்று காட்டித்தான் உள்ளே வர வேண்டும். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் ஊர் மாற்றுவது எல்லா வகையிலும் மோசம். அந்த இரண்டு ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்துவிடுங்கள்.

காகித வேலைகள்

கர்நாடகப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். பழைய ஆர்.டி.ஓ.வில் தடையின்மைச் சான்று, கடன் இருந்தால் வங்கியின் சம்மதம், இங்கே சாலை வரி, பிறகு அங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம். அந்தப் பணம் வர மாதக்கணக்கில் ஆகும். பழைய வண்டி என்றால் அங்கேயே விற்றுவிட்டு இங்கே வாங்குவது பலருக்கு லாபம். நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள நிறுவனத்தில் இருப்பவர்கள் அடுத்த வண்டிக்கு பி.ஹெச். வரிசைப் பதிவு எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு ஒரு சிறிய இழப்பு உண்டு. வீட்டு வாடகைப் படிக்கான விலக்கின் உச்ச அளவு சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 விழுக்காடு, கோவையிலும் மதுரையிலும் 40. வாடகையே குறைவதால் பெரும்பாலும் இது உறுத்தாது. புதிய வரிமுறையில் அந்த விலக்கே கிடையாது. மின்கட்டணம் கவனிக்க வேண்டியது. கர்நாடகத்தில் கிருஹ ஜோதித் திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லாமல் இருந்தவர்களுக்கு, தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான் இலவசம். வீட்டிலிருந்தே வேலை, மதுரை வெயில், எட்டு மணி நேரம் ஏ.சி. என்றால் 500 யூனிட்டைத் தாண்டி மேல் அடுக்குக்குப் போய்விடும். மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு இதற்கென்று ஒதுக்குங்கள்.

லாரிக்காரர்களிடம் பேசும்போது மிகக் குறைந்த விலை சொல்பவரை விட்டுவிடுங்கள். சாமான் ஏறிய பிறகு "எடை கூடிடுச்சு சார்" என்று இரட்டிப்பாகக் கேட்பது பழைய தந்திரம். பொருள் பட்டியல், காப்பீடு, ஜி.எஸ்.டி. பில் மூன்றும் எழுத்தில் இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நாள்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஜூனில் பள்ளி திறக்கிறது. நல்ல பள்ளிகளின் சேர்க்கை ஜனவரி, பிப்ரவரியிலேயே முடிந்துவிடும். ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் பெரும்பாலும் 90 நாள், வீட்டுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு. புது வேலை தேடிப் போகிறவர்கள் நவம்பரிலேயே விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டும். இதே வேலையோடு போகிறவர்கள், ஆண்டு மதிப்பீட்டுப் பேச்சு முடியுமுன் பேஸ் லொகேஷன் மாற்றத்தை மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பதில் வந்த பிறகு மட்டும் வீட்டு உரிமையாளரிடம் காலி செய்வதைச் சொல்லுங்கள்.